ஒத்தக் கையில தூக்குற கார் பேட்டரி... வாழப்பாடி வெயிலுக்குச் சரிப்படுமா?

ரீல்ஸ்ல அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒருத்தர் கார் பானெட்டைத் திறக்கிறார். பழைய பேட்டரியை ரெண்டு கையாலயும் மூச்சுப் பிடிச்சுத் தூக்கி வெளியே வைக்கிறார். அடுத்து டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு சின்னப் பெட்டியை ஒத்தக் கையில எடுத்து அதே இடத்துல மாட்டுறார். சாவியைத் திருப்பினதும் 'டக்'னு செல்ஃப் எடுக்குது. கீழே கமென்ட்ல, 'ப்ரோ, என் ஸ்விஃப்ட்டுக்கு செட் ஆகுமா?'னு வரிசையா கேள்விகள்.

நியாயமான கேள்விதான். வாழப்பாடியில இருந்து சேலத்துக்கு சுமார் 30 கிலோமீட்டர். தினமும் போய் வர்ற கார், ஞாயிற்றுக்கிழமை ஆனா ஏற்காடு, கிருத்திகைக்கு முத்துமலை முருகன் கோயில். இப்படி ஓடுற சாதாரண காருக்கு லைட்வெயிட் பேட்டரி லாபமா, வம்பா? கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

பேட்டரி ஏன் இவ்வளவு கனம்?

நம்ம கார்ல இருக்கிறது லெட் ஆசிட் பேட்டரி. பிரான்ஸ் விஞ்ஞானி காஸ்டன் பிளான்டே இதை 1859-ல கண்டுபிடிச்சார். அதாவது, கார் பிறக்கிறதுக்கு முன்னாடியே பேட்டரி பிறந்துடுச்சு. உள்ளே 6 செல், ஒவ்வொண்ணும் 2 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல, மொத்தம் 12 வோல்ட். செல்லுக்குள்ள ஈயத் தகடுகள், நடுவுல கந்தக அமிலம். பேட்டரி எடையில பாதிக்கு மேல ஈயம்தான். அதனாலதான் சின்ன பெட்ரோல் கார்ல வர்ற 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியே 9, 10 கிலோ வருது. டீசல் காருக்கான 60, 65 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா 15 கிலோவுக்கு மேல போயிடும்.

லித்தியம் இதுக்கு நேர் எதிர். உலோகங்கள்லயே லேசானது அதுதான். ஒரு கிலோ லெட் ஆசிட் பேட்டரியில 30-40 வாட் ஹவர் சக்தியைச் சேமிக்கலாம். கார் ஸ்டார்ட்டிங்குக்கு வர்ற லித்தியம் வகையில அதே ஒரு கிலோவுல கிட்டத்தட்ட 100 வாட் ஹவர் அடங்கும். அதனால 10 கிலோ பேட்டரி செய்ற வேலையை 3-லிருந்து 5 கிலோ பெட்டி செய்யுது.

கார் ஸ்டார்ட்டிங்குக்குப் பெரும்பாலும் வர்ற வகைக்குப் பேரு லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமா எல்.எஃப்.பி. இதுல நம்ம ஆள் ஒருத்தருக்கும் பங்கு இருக்கு. தென் தமிழ்நாட்டுல அமரபுரம்ங்கிற கிராமத்துல பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி-யிலும் படிச்சு, அமெரிக்காவோட டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன ஆறுமுகம் மந்திரம்தான் அவர். 1980-கள்ல ஜான் குட்இனஃபோட சேர்ந்து அவர் செஞ்ச ஆராய்ச்சிதான் பின்னாடி எல்.எஃப்.பி-க்கு வழி போட்டுச்சு. 2019-ல குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைச்சப்போ, 97 வயசான அவர் சார்பா ஸ்டாக்ஹோம்ல நோபல் உரையை வழங்கினதும் மந்திரம்தான்.

6 கிலோ குறைஞ்சா மைலேஜ் ஏறுமா?

இங்கதான் ரீல்ஸ் சொல்லாத கணக்கு ஆரம்பிக்குது.

பேட்டரியை மாத்தினதால 6 கிலோ குறையுதுன்னு வெச்சுக்குவோம். நம்ம ஊர் ஹேட்ச்பேக் எடை சுமார் 900 கிலோ. அப்போ குறையிறது ஒரு சதவிகிதம்கூட இல்ல. கார்ல 45 கிலோ கூடினா மைலேஜ் சுமார் 1 சதவிகிதம் குறையலாம்னு அமெரிக்க அரசோட எரிபொருள் சிக்கன வழிகாட்டி சொல்லுது. அந்தக் கணக்குல 6 கிலோவுக்கு 0.13 சதவிகிதம். உங்க கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்குதுன்னா, கூடுதலா கிடைக்கப்போறது 26 மீட்டர். ஒரு லாரியோட நீளத்துக்கு ரெண்டு மடங்கு தாண்டினா அதிகம்.

வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, 500 லிட்டர் பெட்ரோல் போடுறீங்கன்னா மிச்சமாகுறது முக்கால் லிட்டருக்கும் குறைவு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வெச்சாலும் வருஷத்துக்கு 65 ரூபாய்தான். சாதாரண பேட்டரியைவிட லித்தியத்துக்கு 10,000 ரூபாய் கூடுதலா கொடுத்தீங்கன்னா, அந்தக் காசை மைலேஜ்ல திருப்பி எடுக்க 150 வருஷம் ஆகும்!

'பிக்கப் ஏறும், ஹேண்ட்லிங் மாறும்'னும் சொல்றாங்க. ஏற்காடு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவுகள்ல ஏறும்போது அந்த 6 கிலோ வித்தியாசம் உங்க கைக்குத் தெரியவே தெரியாது. நம்பலைன்னா, அடுத்த முறை டேங்க்ல 8 லிட்டர் பெட்ரோலைக் குறைச்சுப் போட்டுப் பாருங்க. அதோட எடையும் அதே 6 கிலோதான்.

ஸ்டார்ட் பண்றது ஈஸி, தாங்குறதுதான் கஷ்டம்

சின்னப் பெட்டி எப்படி இன்ஜினைச் சுத்துது? ஆச்சர்யமே வேண்டாம். பெட்ரோல் கார் செல்ஃப் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது 150 ஆம்பியர் இழுக்குது, ரெண்டு செகண்ட் சுத்துதுன்னு வெச்சுக்குங்க. செலவாகுறது 0.1 ஆம்பியர் ஹவருக்கும் குறைவு. 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியில இது கால் சதவிகிதம்கூட இல்ல. அந்த ரெண்டு செகண்டுக்கு வேகமா கரன்ட்டைக் கொட்டத் தெரிஞ்சா போதும். லித்தியம் அதுல கில்லாடி.

ஆனா, பேட்டரியோட நிஜமான வேலை இன்ஜின் ஓடாதப்போதான் இருக்கு. ரெண்டு உதாரணம் பார்க்கலாம்.

* ஹெட்லைட்டை மறந்துட்டீங்க: முத்துமலை முருகன் கோயில் பார்க்கிங்ல காரை நிறுத்திட்டு, லைட்டை அணைக்காம சாமி கும்பிடப் போயிட்டீங்க. ரெண்டு 55 வாட் பல்பும் டெயில் லைட்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். நல்ல நிலைமையில இருக்கிற 35 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா, ஒரு மணி நேரம் கழிச்சு வந்தாலும் பெரும்பாலும் செல்ஃப் எடுத்துடும். 12 ஆம்பியர் ஹவர் லித்தியம்னா அதே ஒரு மணி நேரத்துல கிட்டத்தட்ட காலி.
* டேஷ்கேம் வெச்சிருக்கீங்க: பார்க்கிங் மோடுல அது கால் ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் ஹவர் போயிடும். சின்ன லித்தியம் ரெண்டு நாள் தாங்குறதே பெரிய விஷயம். இதோட அலாரம், கடிகாரம், இன்ஜின் கம்ப்யூட்டர் எல்லாமும் சொட்டுச் சொட்டா குடிச்சுக்கிட்டே இருக்கும்.

இங்க ஒரு விளம்பரத் தந்திரமும் இருக்கு. சில லித்தியம் பேட்டரி மேல '35 ஆம்பியர் ஹவர், லெட் ஆசிட்டுக்குச் சமம்'னு போட்டிருப்பாங்க. செல்ஃப் அடிக்கிற பலத்துல சமம்ங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். உள்ளே நிஜமா இருக்கிறது 10, 12 ஆம்பியர் ஹவரா இருக்கலாம். அதனால லேபிள்ல வாட் ஹவர் எவ்வளவுன்னு தேடுங்க. அதை 12.8-ஆல வகுத்தா உண்மையான ஆம்பியர் ஹவர் தெரிஞ்சுடும். 154 வாட் ஹவர்னு இருந்தா 12 ஆம்பியர் ஹவர்தான்.

போர்ஷே பயந்தது குளிருக்கு... நாம பயப்பட வேண்டியது வெயிலுக்கு!

லைட்வெயிட் பேட்டரியைத் தெருவுல ஓடுற காருக்கு முதல்ல கொண்டு வந்த கம்பெனிகள்ல போர்ஷே முக்கியமானது. 911 ஜிடி3, பாக்ஸ்டர் ஸ்பைடர் மாதிரி கார்களுக்கு லித்தியம் பேட்டரியைக் கூடுதல் விலைக்குத் தர்றதா 2009 கடைசியில அறிவிச்சாங்க. எடை 6 கிலோவுக்கும் குறைவு, வழக்கமான பேட்டரியைவிட 10 கிலோ லேசு. ஜெர்மனியில விலை 1,904 யூரோ. சுவாரஸ்யம் என்னன்னா, அதோட சேர்த்து ஒரு சாதாரண லெட் ஆசிட் பேட்டரியையும் கையில கொடுத்தாங்க. குளிர்காலத்துல வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழ போனா லித்தியம் திணறும், அப்போ இதை மாட்டிக்குங்கன்னு அர்த்தம்.

அந்தப் பிரச்னை நமக்கு இல்ல. ஏற்காட்டு மார்கழிக் குளிரே அந்த அளவுக்குப் போகாது. நம்ம கதை வேற. சித்திரை வெயில்ல சேலம், வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் 40 டிகிரியைத் தொடும். அந்த வெயில்ல ஓடி வந்து நிறுத்தின கார்ல, பானெட்டுக்குள்ள 60 டிகிரி தாண்டுறது சாதாரணம். பெரும்பாலான எல்.எஃப்.பி பேட்டரிகளுக்கு மேல் வரம்பே 60 டிகிரி வாக்குலதான் இருக்கும். சார்ஜ் ஏத்த அனுமதிக்கிற வரம்பு அதைவிடக் குறைவு.

நல்ல பேட்டரின்னா உள்ளே இருக்கிற கன்ட்ரோல் போர்டு, அதாவது பி.எம்.எஸ், சூடு தாங்காம சார்ஜை நிறுத்திடும். மட்டமான பேட்டரின்னா நிறுத்தாது. செல் உப்பும், ஆயுள் குறையும், மோசமான நிலையில தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. மத்த லித்தியம் வகைகளோட ஒப்பிட்டா எல்.எஃப்.பி சுலபத்துல தீப்பிடிக்காது. ஆனா அந்தப் பாதுகாப்பு, செல்லும் பி.எம்.எஸ்ஸும் தரமா இருந்தாதான். 2022 கோடையில மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடிச்ச செய்திகளுக்குப் பிறகு, அந்த பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 விதிகளை மத்திய அரசு கடுமையாக்கினதும் இந்த மாதிரி தரப் பிரச்னைகளாலதான்.

வெயில் லெட் ஆசிட்டையும் சும்மா விடாது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்ங்கிறது பேட்டரி துறையில பழைய கணக்கு. ஆனா அது செத்தாலும் பெரும்பாலும் முன்னாடியே குரல் கொடுத்துட்டுத்தான் சாகும். காலையில செல்ஃப் இழுத்து இழுத்துச் சுத்தும், ஹாரன் கம்மும். லித்தியம் கடைசி வரைக்கும் ஜோரா இருந்துட்டு, பி.எம்.எஸ் கட் பண்ணினதும் ஒரேயடியா அமைதியாகிடும்.

ஆல்டர்னேட்டர் ஒத்துக்குமா?

கார் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது ஆல்டர்னேட்டர். அது லெட் ஆசிட்டை மனசுல வெச்சு 13.8-லிருந்து 14.4 வோல்ட் வரைக்கும் கொடுக்குற மாதிரி அமைக்கப்பட்டது. எல்.எஃப்.பி முழுசா சார்ஜ் ஆகவும் 14.4 வோல்ட் வாக்குலதான் வேணும். அந்த வகையில ரெண்டும் ஒத்துப்போகும். சிக்கல் மூணு இடத்துல வரும்.

முதல்ல, காலியான லித்தியம் அகோரப் பசியில இருக்கிற மாதிரி. ஆல்டர்னேட்டர் கொடுக்குற அத்தனையையும் ஒரே மூச்சுல இழுக்கும். ஐட்லிங்ல நிக்கும்போது இப்படி இழுத்தா ஆல்டர்னேட்டர் சூடேறும்.

ரெண்டாவது, ஓடிக்கிட்டு இருக்கும்போது பி.எம்.எஸ் திடீர்னு கட் பண்ணினா, பேட்டரிக்குப் போய்க்கிட்டு இருந்த கரன்ட் போக இடமில்லாம வோல்டேஜ் ஒரு நொடி எகிறும். அது இன்ஜின் கம்ப்யூட்டரைப் பதம் பார்க்கலாம்.

மூணாவது, இப்போ வர்ற பல கார்கள்ல பேட்டரி நெகட்டிவ் டெர்மினல்லயே ஒரு சென்சார் இருக்கும். பேட்டரி எவ்வளவு நிரம்பியிருக்குன்னு பார்த்து, ஆல்டர்னேட்டர் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிறது அந்த சென்சாரை வெச்சுதான். அது லெட் ஆசிட் மொழி மட்டும் தெரிஞ்ச சென்சார். வேற ரசாயனத்தை மாட்டினா கணக்கைத் தப்பா போடும். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இருக்கிற கார்ல இது இன்னும் சிக்கல்.

அப்போ கம்பெனிகளே லித்தியம் வைக்கிறாங்களேன்னு கேட்பீங்க. வைக்கிறாங்க, ஆனா முழு சிஸ்டத்தையும் அதுக்காகவே வடிவமைச்சு வைக்கிறாங்க. 2018-ல வந்த மாருதி எர்டிகா பெட்ரோல் மாடல்ல ஸ்மார்ட் ஹைபிரிட்டுக்காக ஒரு குட்டி லித்தியம் பேட்டரி இருக்கு. ஆனா கூடவே வழக்கமான லெட் ஆசிட்டும் இருக்கு. ஹூண்டாய் 2016-ல கொண்டு வந்த ஐயோனிக் ஹைபிரிட்ல 12 வோல்ட் பேட்டரியே லித்தியம்தான். அதை பானெட்டுச் சூட்டுல வைக்காம பின் சீட்டுக்கு அடியில வெச்சாங்க. பேட்டரி கட் ஆனா திரும்ப எழுப்ப, டிரைவர் பக்கத்துல ஒரு ரீசெட் பட்டனும் கொடுத்தாங்க. இடம், வோல்டேஜ், பட்டன்னு எல்லாத்தையும் யோசிச்சிருக்காங்க. பெட்டியை மட்டும் மாத்துறதும் இதுவும் ஒண்ணு கிடையாது.

அப்போ யாருக்குத்தான் செட் ஆகும்?

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்னு கொண்டு போய் ஓட்டுற காருக்கு செட் ஆகும். அங்க சீட்டு, கார்பெட், ஸ்டெப்னின்னு ஒவ்வொண்ணா கழட்டி 100 கிலோ குறைக்கிறவங்களுக்கு இந்த 6 கிலோவும் கணக்குல வரும். ரேஸ் முடிஞ்சதும் பேட்டரியைக் கழட்டி வைக்கவும் முடியும். பைக்குக்கும் ஓரளவு அர்த்தம் இருக்கு. 150 கிலோ வண்டியில ரெண்டு கிலோ குறைஞ்சா விகிதம் பெருசு.

தினமும் வேலைக்குப் போற, ராத்திரி ஆஸ்பத்திரி அவசரத்துக்கும் எடுக்குற ஒரே குடும்பக் காருக்கு, என் ஓட்டு லெட் ஆசிட்டுக்குத்தான். இன்னொரு காரணமும் இருக்கு. லெட் ஆசிட் டவுன் ஆனா வாழப்பாடி, ஆத்தூர், அயோத்தியாப்பட்டணம்னு எங்க நின்னாலும் பக்கத்துல ஒரு பேட்டரி கடைக்காரர் ஜம்ப் ஒயரோட வருவார், புதுசு வேணும்னா கையோட மாட்டியும் விடுவார். லித்தியம்னா ஆர்டர் போட்டுட்டு கூரியருக்குக் காத்திருக்கணும்.

'இல்ல, வாங்கியே தீருவேன்'னா இதைச் செய்யுங்க

* எல்.எஃப்.பி வகையான்னு உறுதி பண்ணுங்க. 'லித்தியம்'னு மட்டும் போட்டிருந்தா வேண்டாம். லோக்கல்ல செல்லை அடுக்கி டேப் சுத்திக் கொடுக்குறதும் வேண்டவே வேண்டாம்.
* அது காரை ஸ்டார்ட் பண்றதுக்காகச் செஞ்ச மாடலான்னு பாருங்க. சோலார், இன்வெர்ட்டருக்கான லித்தியம் பேட்டரியால செல்ஃபுக்குத் தேவையான கரன்ட்டைக் கொட்ட முடியாது.
* எத்தனை டிகிரி வரைக்கும் சார்ஜ் ஏத்தலாம்னு டேட்டா ஷீட்ல எழுத்துல இருக்கணும். பானெட்டுக்குள்ள இன்ஜினை ஒட்டி பேட்டரி இருக்கிற கார்னா ரொம்ப யோசிங்க.
* ஒரு ஸ்டார்ட்டுக்கு மட்டும் சார்ஜைப் பிடிச்சு வெச்சுக்கிற ரீஸ்டார்ட் பட்டன் இருக்கிற மாடலா எடுங்க.
* இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டர்ல ஆல்டர்னேட்டர் வோல்டேஜை அளந்து பாருங்க. 14.6-க்கு மேல போனா மாட்டாதீங்க.
* பெட்டி சின்னதுங்கிறதால கிளாம்ப் சரியா பிடிக்காது. ஸ்பீடு பிரேக்கர்ல ஆடி டெர்மினல் பானெட் தகரத்துல உரசினா ஷார்ட் ஆகும். சரியான அடாப்டர் போட்டு இறுக்குங்க.
* சார்ஜ் போட கடையில கொடுத்தா, 'இது லித்தியம்'னு முதல்ல சொல்லிடுங்க. சாதாரண சார்ஜர்கள்ல சில 15 வோல்ட்டுக்கு மேல ஏத்தும். அது லித்தியத்துக்கு ஆகாது.
* கார் வாரன்டியில இருந்தா ஷோரூம்ல கேட்டுட்டு மாத்துங்க. எலெக்ட்ரிக்கல் கோளாறு வந்தா கிளெய்மை மறுக்க இது ஒரு காரணமாகிடும்.

லெட் ஆசிட்லயே எடையைக் குறைக்க முடியுமா?

முடியும், கொஞ்சம். மெல்லிய சுத்த ஈயத் தகடு போட்ட ஒடிஸி பிசி680 மாதிரி சின்ன பேட்டரிகள் ரேஸ் வட்டாரத்துல பிரபலம். 7 கிலோதான். ஆனா 16 ஆம்பியர் ஹவர்தான். மேல சொன்ன ஹெட்லைட் கதை இதுக்கும் பொருந்தும்.

இன்னொரு நல்ல வழி, தேவையில்லாம பெருசு வாங்காம இருக்கிறது. '35 எதுக்குங்க, 45 போட்டுக்குங்க'ன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. கார் மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுவே போதும். பேட்டரி மேல 38பி20எல் மாதிரி ஒரு கோடு இருக்கும். 20-ங்கிறது சென்டிமீட்டர்ல நீளம், கடைசி எழுத்து பிளஸ் முனை எந்தப் பக்கம்னு சொல்லும். பழசுல இருக்கிற கோடை போட்டோ எடுத்துட்டுக் கடைக்குப் போங்க. தயாரிச்ச தேதி மூணு மாசத்துக்குள்ள இருக்கிறதா பார்த்து வாங்குங்க.

வாங்கினப்புறம் 300, 400 ரூபாய் மல்டிமீட்டர் ஒண்ணு இருந்தா போதும். ராத்திரி நிறுத்தின காரைக் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அளந்தா 12.6 வோல்ட் இருக்கணும். 12.2-ன்னா பாதிதான் இருக்கு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுற கார்னா, வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரமாவது ஹைவேயில ஓட்டுங்க. தண்ணி ஊத்துற வகைன்னா பங்குனி மாசமே டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்துடுங்க.

பழசை எங்க கொடுக்கிறது?

பழைய லெட் ஆசிட்டுக்கு எக்ஸ்சேஞ்ச்ல காசு கிடைக்கும், ஏன்னா உள்ளே இருக்கிற ஈயத்துக்கு மதிப்பு இருக்கு. ஆனா நூறு, இருநூறு அதிகம் தர்றாங்கன்னு தெருவுல வர்ற பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடாதீங்க. முறையில்லாத இடத்துல உடைச்சு உருக்கினா ஈயப் புகையும் தூசும் மண்ணுல, தண்ணியில கலந்துடும். குழந்தைகளோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற விஷம் அது. 2022-ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்படி, பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்ற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கு. அந்த விதி லித்தியத்துக்கும் உண்டு. வாங்குறப்பவே 'பழசானா யார் திருப்பி எடுப்பாங்க?'ன்னு ஒரு வார்த்தை கேட்டு, பில்லை பத்திரமா வைங்க.

காரோட எடையைக் குறைச்சே ஆகணும்னு தோணுதா? டிக்கியைத் திறங்க. போன தீபாவளியில இருந்து கிடக்குற சாமான், காலி கேன், பழைய டூல்ஸ் எல்லாத்தையும் இறக்கி வைங்க. 6 கிலோ என்ன, 16 கிலோகூட குறையும். செலவு பூஜ்ஜியம். செல்ஃபும் எப்பவும்போல எடுக்கும்.